இருபத்திரண்டாம் நம்பர் ஷாக்

ஆறாம் அத்தியாயம்

புதன்கிழமை வந்து சேர்ந்த ஒருத்தனைச் சனிக்கிழமைக்குள் ஜென்ம விரோதியாக ஆக்கிக்கொள்ள முடியுமா? மெர்ல் டாட்லாக்கைக் கேட்டால், அதற்கு நாலு நிமிடம் போதும் என்பான்.

டஸ்டி லேன் கேம்ப்பில் ஒரு வழக்கம். புதிதாக ஒரு கேரவன் உள்ளே நுழைந்தால் போதும், ஆளாளுக்கு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். வந்தவன் வண்டியைப் பின்னால் எடுத்துத் தன் இடத்தில் நிறுத்துகிற கூத்தைப் பார்க்கத்தான். இரண்டு குளிர்காலத்துக்கு முன் மெர்ல் வந்தபோது பதினொரு தடவை முன்னும் பின்னும் போய், கடைசியில் ஒரு தண்ணீர்க் குழாயையும் உடைத்தான். இந்தப் புதன்கிழமை மதியம் ராய்ஸ் டென்னிங் தன் வெள்ளி நிறக் கேரவனை ஒரே வீச்சில் இருபத்துமூன்றாம் நம்பர் இடத்தில் நிறுத்தினான். ஒரு கையில் ஸ்டீயரிங், இன்னொரு கையில் காப்பிக் கோப்பை. எல்லோரும் கை தட்டினார்கள். ஆர்டித் ஹோல்மும் தட்டினாள். மற்றவர்கள் தட்டியதைப் பற்றி மெர்லுக்குக் கவலையே கிடையாது.

ஆர்டித் இருபத்தைந்து வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீ விபத்துகளைத் துப்பறிந்தவள். கணவர் போன பிறகு வேலையை விட்டுவிட்டு, வீட்டையும் விற்று, ஒரு மோட்டார் கேரவனில் ஊர் ஊராகச் சுற்றுகிறாள். அவள் வண்டியை நிறுத்துகிற இடத்தில் எப்படியோ ஒரு வழக்கும் வந்து நின்றுவிடும். மெர்ல் வாஷிங் மெஷின் ரிப்பேர்காரன். பக்கத்து இடத்துக்காரன். அவளுடைய பையைச் சுமப்பான், மீட்டரைப் பிடிப்பான், அவள் யோசிக்கும்போது ஜோக் அடிப்பான். இரண்டு வருடமாக எல்லாவற்றையும் பேசிவிட்டான், மனசில் இருக்கிற ஒன்றை மட்டும் பேசவில்லை. அவளை இன்னும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுகிறான்.

ராய்ஸ் வந்த மூன்றாம் நாளே 'ஆர்டி' என்றான். 'நீ' என்றான். கூடை நிறைய பம்ப்ளிமாஸ் கொண்டுவந்து வைத்தான். வெள்ளிக்கிழமை காலை, "ஞாயித்துக்கிழமை நான் ஓரிகன் கடற்கரைக்குக் கிளம்பறேன் ஆர்டி. நீயும் வண்டியை எடுத்துக்கிட்டுப் பின்னாடியே வாயேன். ரெண்டு பேரா போனா தூரமே தெரியாது" என்றான். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் ஆர்டித். இது மெர்லுக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த நேரத்தில் அவன் ஆர்டித்தின் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு அவளுடைய படிக்கட்டை ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்தான். அந்தக் கணத்தில் அவனுக்கு வந்த பொறாமை நிஜமான பொறாமை. ரிப்பேர் முடிந்த பிறகும் அங்கேயே கிடந்தான்.

இப்போது சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. மார்ச் கடைசி. யூமா பாலைவனத்து வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த ராய்ஸ் இருபத்துமூன்றாம் நம்பர் வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

அன்று காலையில் பக்கத்து இருபத்திரண்டாம் நம்பரில் லோரீன் மக்ரூ வெறுங்காலோடு நின்று வாசல் விரிப்பைத் தண்ணீர் அடித்துக் கழுவியிருக்கிறாள். அப்படியே ஈரக் காலோடு கேரவன் கதவின் கைப்பிடியைத் தொட்டிருக்கிறாள். அடித்த ஷாக்கில் பின்னால் போய் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது, தலையில் அடி, இதயத் துடிப்பு ஒழுங்கில்லை. யூமா ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. அவள் புருஷன் ஹார்லன், முன்னாள் லாரி டிரைவர், ஷெரிஃப் ஆபீசுக்குப் போன் போட்டு, "பக்கத்து இடத்துக்காரன் என் பொண்டாட்டியைக் கொல்லப் பார்த்தான்" என்று சொல்லிவிட்டான். நாலு மணிக்கு ஆள் வருகிறது.

"நாலு மணிக்கு என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க ஆர்டி" என்றான் ராய்ஸ்.

"ஓரிகனுக்கா?" என்றான் மெர்ல்.

ஆர்டித் திரும்பிப் பார்த்தாள். மெர்ல் மீட்டரைத் துடைக்க ஆரம்பித்தான்.

"ஹார்லன் ரெண்டு குத்தம் சொல்றான்" என்றாள் ஆர்டித். "ஒண்ணு, நீ லோரீனோட காவல் பெட்டியைத் திருடிட்டே. ரெண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவங்க கரண்ட் கம்பத்துகிட்ட உட்கார்ந்து ஏதோ பண்ணினே. முதல்ல பெட்டி."

பெட்டி கண்ணெதிரேயே இருந்தது. கேம்ப்பில் ஒவ்வொரு இடத்துக்கும் இடுப்பளவு உயரத்தில் ஒரு கரண்ட் கம்பம் உண்டு. கேரவனின் வயரை நேரே அதில் சொருகுவது முட்டாளின் வேலை. விவரம் தெரிந்தவர்கள் நடுவில் ஒரு காவல் பெட்டியை மாட்டுவார்கள். கம்பத்தில் வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும், எர்த் இல்லாவிட்டாலும், அந்தப் பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுக் கரண்டை உள்ளே விடாது. கம்பத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டுவார்கள், பேரை நெயில் பாலிஷால் எழுதுவார்கள். இந்த ஊரில் பல் தேய்க்கிற பிரஷ்ஷைக்கூட இரவல் வாங்கிவிடலாம், காவல் பெட்டியை வாங்க முடியாது.

ராய்ஸின் கம்பத்தில் மாட்டியிருந்த பெட்டியில் ஜம்மென்று பச்சை விளக்கு எரிந்தது. அதன் நெற்றியில் சிவப்பு நெயில் பாலிஷில் 'லோரீன் 22' என்று எழுதியிருந்தது.

"கல்யாண மோதிரத்தைக் கழட்டிக் குடுத்திருந்தாகூட இவ்வளவு பளிச்சுனு தெரிஞ்சிருக்காது" என்றான் மெர்ல்.

"எனக்கு யாரும் குடுக்கல" என்றான் ராய்ஸ். "வியாழக்கிழமை துணி துவைக்கிற இடத்துக்குப் போனேன். அங்க இலவச மேஜை மேல கிடந்துச்சு. எடுத்துக்கிட்டேன். என்கிட்ட பெட்டியே கிடையாது."

சீசன் முடிந்து ஊருக்குக் கிளம்புகிறவர்கள் வேண்டாத சாமானை அந்த மேஜையில் வைப்பதும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வதும் எல்லாக் கேம்ப்பிலும் நடப்பதுதான். ஆனால் வேலை செய்கிற காவல் பெட்டியை யாராவது மேஜையில் வைப்பார்களா? மெர்ல் அதைக் கேட்டான். வேலை செய்கிற பற்களைப் பிடுங்கி வைக்கிற மாதிரி என்றும் சேர்த்துக்கொண்டான்.

"நல்ல கேள்வி" என்றாள் ஆர்டித். மெர்லுக்கு ஒரு அங்குலம் உயரம் கூடியது. "அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன். சரி, வெள்ளிக்கிழமை சாயங்காலம்?"

"ஹார்லன் அவனோட நாயைக் கம்பத்துல கட்டிப் போட்டிருந்தான். அது சுத்திச் சுத்தி வந்து கயிறு கழுத்தை இறுக்கிடுச்சு. நான் போய் அறுத்து விட்டேன்."

"கையில பளபளன்னு ஏதோ இருந்துச்சாமே?"

"பேனாக்கத்தி. கயிறைப் பல்லாலயா கடிக்க முடியும்? நாயைப் பார்க்காம கத்தியை மட்டும் பார்த்த புண்ணியவான் யாரு?"

மெர்ல் சங்கிலியை ரொம்பக் கவனமாக ஆராய்ந்தான். அந்தப் புண்ணியவான் அவன்தான். காலையில் ஆம்புலன்ஸ் போன பிறகு, கூட்டத்தின் நடுவில் நின்று, "நேத்து சாயங்காலம் உங்க கம்பத்துகிட்ட அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன், கையில ஏதோ மின்னுச்சு" என்று ஹார்லனிடம் சொன்னவன் அவனேதான். நாயையும் பார்த்திருந்தான். சொல்லும்போது நாயை மட்டும் விட்டுவிட்டான். பொய் சொன்னதாகக் கணக்கில்லை என்று அப்போது தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டான். இப்போது அந்தச் சமாதானம் சரியாக உட்காரவில்லை.

ராய்ஸின் கேரவனுக்கு அடியிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு குட்டை நாய் நெளிந்துகொண்டு வெளியே வந்தது. மக்ரூ வீட்டு நாய். பேர் பிஸ்கட்.

"இது இங்க என்ன பண்ணுது?" என்றாள் ஆர்டித்.

"இங்கதான் படுத்திருக்கு. எவ்வளவு விரட்டினாலும் வீட்டுக்குப் போகமாட்டேங்குது. நேத்து அறுத்து விட்டதும் நேரா இங்கதான் வந்துச்சு. அதுக்கும் ஹார்லன் என்னைத்தான் திட்டறான். 'பெட்டி போச்சு, நாய் போச்சு, அடுத்தது எது'ன்னு கத்தினான்."

ஹார்லனின் அந்தக் கத்தலில் மெர்லுக்குத் தன்னைப் போலவே பொறாமைப்படுகிற ஒருத்தனின் குரல் கேட்டது.

ஆர்டித் குனிந்து நாயைத் தடவினாள். பையிலிருந்து ஒரு துண்டு சீஸை எடுத்து ராய்ஸின் இரும்புப் படிக்கட்டின் மேல்படியில் வைத்தாள். பிஸ்கட் தாவி ஏறி, தின்றுவிட்டு, இன்னும் ஒன்று இருக்கிறதா என்று பார்த்தது.

"வா" என்றாள் ஆர்டித் மெர்லிடம். "நாயைத் தூக்கிக்கோ."

இருபத்திரண்டாம் நம்பரில் ஆள் இல்லை. ஹார்லன் ஆஸ்பத்திரியில் இருந்தான். கம்பத்தின் சுவிட்சைக் காலையிலேயே யாரோ கீழே தள்ளியிருந்தார்கள். மெர்ல் மீட்டரை வைத்துப் பார்த்து, "உயிர் இல்லை" என்றான். ஆர்டித் இன்னொரு துண்டு சீஸை இந்த வீட்டுப் படிக்கட்டில் வைத்தாள். மெர்ல் நாயை இறக்கி விட்டான்.

பிஸ்கட் மூன்றடி தூரத்திலேயே நின்றுவிட்டது. சீஸைப் பார்த்தது, படியைப் பார்த்தது, உடம்பு நடுங்கியது. வாலை இடுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து மெர்லின் ஷூவின் மேல் உட்கார்ந்தது.

"ஹார்லன் மேல பயம்" என்றான் மெர்ல். "அவன் பாடறதை நீங்க கேட்டதில்லையே அம்மணி."

"ஹார்லன் இங்க இல்லையே. அது படியைப் பார்த்துத்தான் பயப்படுது." ஆர்டித் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "மெர்ல், ஷூ போட்ட ஆளுக்கு இந்தப் படியில கரண்ட் கசிஞ்சா தெரியுமா?"

"லேசா கை சுறுசுறுங்கும். காத்து வறண்டு கிடக்குன்னு நெனச்சுப்போம். வெறுங்கால், அதுவும் ஈரக்கால்னாத்தான்..." அவன் நிறுத்தினான்.

"நாய்க்கு ஷூ கிடையாது."

மெர்ல் தன் ஷூவின் மேல் உட்கார்ந்திருந்த பிஸ்கட்டின் காலைப் பார்த்தான்.

"லோரீனுக்கு இன்னிக்குத் தெரிஞ்சது இந்த நாய்க்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு" என்றாள் ஆர்டித். "காவல் பெட்டி இருந்திருந்தா கேரவன் மேல இப்படிக் கரண்ட் தங்கியிருக்காது. பெட்டியைக் கழட்டின பிறகுதான் படி கடிச்சிருக்கு. படி கடிச்ச அன்னிக்குத்தான் நாய் வீட்டை விட்டு வெளியே வந்திருக்கு. ஆக, நாய் எந்தக் கிழமை வீட்டை விட்டுச்சோ அந்தக் கிழமைதான் பெட்டி போன கிழமை. அது வியாழன்னா ராய்ஸ் மாட்டிக்கிட்டான். அவன் வர்றதுக்கு முன்னாடின்னா, தப்பிச்சான். எந்தக் கிழமைன்னு யாருக்குத் தெரியும்?"

மெர்லுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாடு கேம்ப்பில் எல்லோரும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவது. அன்றைக்கு மெர்ல் செய்த இறைச்சி ரொட்டியை ஒருத்தரும் தொடவில்லை. மனசு வெறுத்துப்போய்த் தட்டோடு திரும்பி வந்தால், அவன் வாசல் ரப்பர் பாயில் பிஸ்கட் சுருண்டு படுத்திருந்தது. மொத்தத்தையும் அதற்குத்தான் போட்டான். விடிய விடிய அங்கேயே படுத்திருந்தது. ராய்ஸ் வந்ததோ மறுநாள் மதியம்.

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. சொன்னால் ராய்ஸ் தப்பித்தான். தப்பித்தால் நாளைக் காலை வெள்ளி நிறக் கேரவன் ஓரிகனுக்குக் கிளம்பும். அதன் பின்னாலேயே ஆர்டித்தின் வண்டியும் கிளம்பும். மெர்ல் வழியில் நின்று டாட்டா காட்டுவான். சொல்லாவிட்டால்?

"ஹார்லனுக்குத்தான் தெரிஞ்சிருக்கும்" என்றான் மெர்ல்.

"அப்ப அவனையே கேட்போம்" என்றாள் ஆர்டித். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

நாலு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே துணை ஷெரிஃப் ஓச்சோவா வந்து இறங்கினாள். பின்னாலேயே ஹார்லனின் வண்டி. முப்பது வருடம் ரோட்டில் கத்திக் கத்தி அவன் குரல் கரகரத்துப் போயிருந்தது. கண்கள் வீங்கியிருந்தன.

"இன்னும் கண் திறக்கல" என்றான். யாரும் கேட்கவில்லை, அவனாகத்தான் சொன்னான். பிறகு ராய்ஸைப் பார்த்தான். "இவன் இன்னும் இங்கயா நிக்கறான்?"

"அஞ்சு நிமிஷம் குடுங்க மேடம்" என்று ஆர்டித் ஓச்சோவாவிடம் கேட்டாள். ராய்ஸின் கம்பத்திலிருந்து பெட்டியைக் கழற்றி இருபத்திரண்டாம் நம்பருக்கு எடுத்து வந்தாள். முதலில் கம்பத்தின் சுவிட்ச் கீழே இருக்கிறதா என்று பார்த்தாள். கேரவனின் வயரை உருவி ஓரமாகப் போட்டாள். பெட்டியை மட்டும் சொருகினாள். கையைத் துடைத்துக்கொண்டு சுவிட்சை மேலே தள்ளினாள். இந்த வரிசை அவளுக்கு எப்போதும் மாறாது, சாகப் போகிற அவசரத்திலும் மாறாது.

பெட்டி 'டிக் டிக்' என்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. கரண்டை விடவில்லை.

"எர்த் இல்லைங்குது" என்றாள் ஆர்டித். "அங்க பச்சை. இங்க சிவப்பு. ஆக, பெட்டி நல்ல பெட்டி. கம்பம்தான் கெட்ட கம்பம்."

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்றான் ஹார்லன். "இந்த ராஸ்கல் வெள்ளிக்கிழமை உட்கார்ந்து எர்த் வயரை அறுத்திருக்கான். அதுக்கு முந்தின நாளே பெட்டியையும் தூக்கிட்டான். ரெண்டும் சேர்ந்தாத்தானே அவளுக்கு ஷாக் அடிக்கும்? விவரம் தெரிஞ்சவன் வேலை. இவன் அவளைச் சுத்திச் சுத்தி வந்தான். அவ அசையல. அதான்."

ஓச்சோவா தலையை ஆட்டினாள். கேட்க ஒழுங்காகத்தான் இருந்தது. "பார்த்த சாட்சி ஒருத்தர் இருக்கார்னு சொன்னீங்களே?"

"இதோ நிக்கறான்" என்று ஹார்லன் மெர்லைக் காட்டினான்.

"சாட்சி அப்புறம்" என்றாள் ஆர்டித். "ஹார்லன், ஒரே ஒரு கேள்வி. பிஸ்கட் எப்போலேர்ந்து வீட்டுக்குள்ள வரமாட்டேங்குது?"

ஹார்லன் ஒரு நொடி தயங்கினான். "வியாழக்கிழமை. இவன் வந்த மறுநாள். இவன் ஏதோ திங்கக் குடுத்து மயக்கிட்டான்."

"நிச்சயமா வியாழக்கிழமையா?"

"என் நாய் எப்போ போச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

ஆர்டித் தன் குறிப்பு நோட்டில் எழுதினாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஓச்சோவா இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைச் சரிசெய்துகொண்டு ராய்ஸின் பக்கம் திரும்பினாள். ராய்ஸ் ஆர்டித்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் வெள்ளிக்கிழமையின் ஜோர் எதுவும் இல்லை. ஒரே வீச்சில் வண்டி நிறுத்துகிறவனுக்கு இப்போது நிற்கவே காலில்லை. பயந்துபோன, சாதாரணமான ஒரு மனுஷன்.

மெர்ல் அவனை வெறுக்க முயன்றான். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்கூட சுலபமாக வந்தது, இப்போது வரவில்லை.

"செவ்வாய்க்கிழமை" என்றான்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"செவ்வாய்க்கிழமை ராத்திரி அந்த நாய் என் பாய்லதான் படுத்திருந்துச்சு. என் இறைச்சி ரொட்டி முழுசையும் தின்னுச்சு. கேம்ப்ல வேற யாரும் தின்னல, வேணும்னா விசாரிச்சுக்கலாம். ராய்ஸ் வந்தது புதன்கிழமை. அவன் வர்றதுக்கு முன்னாடியே நாய் வெளியே வந்தாச்சு, படி கடிச்சாச்சு, பெட்டி போயாச்சு." அவன் ஓச்சோவாவின் பக்கம் திரும்பினான். "இன்னொண்ணு மேடம். வெள்ளிக்கிழமை அவன் கையில கத்தியைப் பார்த்தேன்னு சொன்னேன். நாயையும் பார்த்தேன். கயிறு இறுக்கிக் கிடந்த நாயை அவன் அறுத்து விட்டதையும் பார்த்தேன். அதைக் காலையில சொல்லல."

"ஏன் சொல்லல?" என்றாள் ஓச்சோவா.

மெர்ல் தரையைப் பார்த்தான். "பொறாமை" என்றான். "வேற ஒண்ணும் இல்ல."

ஒரு ஏசி எங்கோ நின்று மறுபடி ஓட ஆரம்பித்தது. ஹார்லனின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஹார்லன்" என்றாள் ஆர்டித். இப்போது அவள் குரலில் விசாரணை இல்லை. "செவ்வாய்க்கிழமை என்ன ஆச்சு?"

அவன் தன் வீட்டுப் படியில் உட்காரப் போனான். உட்காராமல் பதறி விலகி, மண்ணிலேயே உட்கார்ந்தான்.

"ஏசி நின்னு போச்சு" என்றான். "வெளியே வந்து பார்த்தா பெட்டியில செவப்பு. தட்டினேன், கழட்டி மாட்டினேன். செவப்புதான். நாலு வருஷப் பெட்டி, செத்துப்போச்சுன்னு நெனச்சேன். கழட்டிப் படிக்கடியில எறிஞ்சுட்டு வயரை நேரா சொருகினேன். ஏசி ஓடுச்சு. அவகிட்ட பெட்டி செத்துப்போச்சுன்னு சொன்னேன். அவ அதை எடுத்துக்கிட்டுப் போய் மேஜையில வெச்சிருப்பா. எனக்கு அது தெரியாது."

"வியாழக்கிழமை ராய்ஸோட கம்பத்துல பார்த்தே."

"பச்சையா எரிஞ்சுச்சு. அவ பேரோட. என்கிட்ட செத்துப்போனது அவன்கிட்ட எப்படி ஓடுதுன்னு... அவ எனக்குத் தெரியாம ரிப்பேர் பண்ணி அவனுக்குக் குடுத்துட்டான்னு நெனச்சேன். ரெண்டு ராத்திரி அதையே நெனச்சேன். அவகிட்ட ஒரு வார்த்தை பேசல."

"அங்க பச்சையா எரியறது இங்க ஏன் சிவப்பா எரிஞ்சுச்சுன்னு கேட்டிருந்தா, அன்னிக்கே கம்பத்தைத் திறந்து பார்த்திருப்பே" என்றாள் ஆர்டித். "உனக்கு வேற கேள்வி வந்துடுச்சு."

மெர்ல் கம்பத்தின் அடிமூடியைத் திறந்தான். உள்ளே எறும்புப் புற்று. அதற்குள் எர்த் வயரின் முனை துருவேறி, பொடிந்து, இற்று விழுந்திருந்தது. கத்தி பட்ட தடயமே இல்லை. பல மாதமாக இற்றுக்கொண்டே வந்தது செவ்வாய்க்கிழமை முழுசாக விட்டிருக்கிறது. மூடியைத் திறந்து வைத்துவிட்டு, எல்லோரும் பார்க்கும்படி அவன் நகர்ந்து நின்றான்.

"அந்தப் பெட்டி சொல்லிச்சு" என்றான் ஹார்லன். "நாய் சொல்லிச்சு. அவகூட புதன்கிழமை கை சுறுசுறுங்குதுன்னு சொன்னா. நான்தான்... நானே என் கையால..." அறுபது வயசு ஆள் மண்ணில் உட்கார்ந்து அழுவதை எல்லோரும் பார்க்காத மாதிரி நின்றார்கள். ராய்ஸ்தான் போய் அவன் தோளைப் பிடித்துத் தூக்கினான். ஹார்லன் கையைத் தட்டிவிடவில்லை.

ஓச்சோவா அவனைத் தன் காரில் ஏற்றிக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்குத்தான் சார் போறோம்" என்றாள். "வண்டியை இப்போ நீங்க ஓட்ட வேண்டாம். பொய்ப் புகாரைப் பத்தி நாளைக்குப் பேசலாம்." மெர்லைப் பார்த்து, "உங்ககிட்டயும் பேசணும்" என்றாள்.

ராய்ஸ் ஆர்டித்திடம் வந்து அவள் இரண்டு கையையும் பிடித்து நன்றி சொன்னான். மெர்லிடம் வந்து நின்றான். அடிப்பானோ என்று மெர்ல் நினைத்தான். ராய்ஸ் தலையை மட்டும் அசைத்துவிட்டுத் தன் கேரவனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அது அடியைவிட அதிகமாக வலித்தது.

ஆர்டித்தும் மெர்லும் நடந்தார்கள். பாதி தூரம் வரை அவனுக்கு ஒரு ஜோக்கும் கிடைக்கவில்லை.

"காலையில நாயை விட்டுட்டுக் கத்தியை மட்டும் சொன்னியே, அது கேவலம்" என்றாள் ஆர்டித். "அதை நான் மறக்கமாட்டேன்."

"தெரியும்."

"செவ்வாய்க்கிழமை ராத்திரி உன் பாய்ல அது படுத்திருந்ததை என் ஜன்னல்லேர்ந்து நானும் பார்த்தேன்."

மெர்ல் நின்றுவிட்டான். "பார்த்துட்டா ரெண்டு மணி நேரம் என்னை வேக வெச்சீங்க?"

"நாலு மணி வரைக்கும் உனக்கு நேரம் குடுத்தேன். ராய்ஸுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. ஓச்சோவா கைவிலங்கை எடுத்ததும் நான் சொல்லியிருப்பேன்."

"அப்புறம் என்ன ஆகியிருக்கும்?"

"நீ சொல்லாம இருந்திருந்தா, நாளைக்குக் காலையில அவன் வண்டிக்குப் பின்னாடி என் வண்டி போயிருக்கும்" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை எவ்வளவு விளிம்பில் நின்றிருக்கிறோம் என்று மெர்லுக்கு அப்போதுதான் புரிந்தது. பக்கத்தில் இருந்த யாருடைய நாற்காலியிலோ உட்கார்ந்தான்.

"இப்போ?" என்றான்.

"இப்போ போகல. காலையிலயே அவன்கிட்ட சொல்லிடப் போறேன்."

அவன் அவளைப் பார்த்தான். இரண்டு வருடமாகச் சொல்லாததைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வரப்போவதில்லை என்று அவனுக்கே தெரிந்தது. வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"அப்ப, போறதா நெனச்சீங்க."

"நெனச்சேன்."

"எவ்வளவு நெனச்சீங்க?"

ஆர்டித் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"ரூட் மேப்பை எடுத்துப் பேனாவுல கோடு போடற அளவுக்கு" என்றாள்.

மெர்லுக்குப் பொறாமை மறுபடியும் பற்றிக்கொண்டது. "எந்த ஊர் வரைக்கும் போட்டீங்க?" என்று கேட்டான்.